விசில்காரியின் தோழி

என் தங்கைக்குக் காலில் வேகம், வாயில் பூட்டு. நான் அப்படியே தலைகீழ். பகலில் கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவாள்; மாலையில் கிடங்கின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல் போடுவாள். இறுதிப் போட்டியில் ஆடினால் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தோம்.

இந்த நேரம் பார்த்துக் காரியத்தைக் கெடுத்தவள் அவளுடைய உயிர்த்தோழி, கிடங்கு வாசல் செக்யூரிட்டி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். லாரி பின்னால் வந்தால் ஊதுவதுதான் வேலை. அவள் பார்க்க வந்திருந்த அரையிறுதியில் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர் வண்டி ரிவர்ஸ் எடுத்தது. பழக்கதோஷம், மகராசி ஓங்கி ஊதிவிட்டாள்! நடுவர்தான் ஊதினார் என்று எதிரணி மொத்தமும் நின்றுவிட்டது. என் தங்கை நிற்கவில்லை. அந்த விசிலைத் தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்ததே! பந்தை உள்ளே தள்ளிவிட்டாள்.

எதிரணி புகார் கொடுக்க, மறுநாள் காலை கிடங்கு அலுவலகத்தில் விசாரணை. துணைக்கு நானும் போனேன். விளையாட்டுக் குழுத் தலைவர் மேஜைமேல் ஒரு தாளைத் தள்ளினார்.

"ஃப்ரெண்டு பண்ற அட்டூழியத்துக்கு ஆடுறவங்கதான் பொறுப்பு. இல்லேன்னா, 'அவளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல'ன்னு இதுல கையெழுத்துப் போடு. ஃபைனல் ஆடலாம்."

"அது எப்படி சார்?" நான் எகிறினேன். "உங்க மச்சான் ஹெல்மெட் போடாம போனா உங்களுக்கா ஃபைன் போடுவாங்க?"

"நீங்க யாரும்மா?"

"அவ அக்கா. நான் பேசுறதுக்கும் அவதான் பொறுப்புன்னு எழுதிக்கோங்க!"

தங்கை என்னைக் கிள்ளினாள். நிரந்தர வேலை கைவிட்டுப் போய்விடுமே! காதோடு காதாகச் சொன்னேன், "கையெழுத்தப் போட்டுத் தொலைடி. அவகிட்ட நான் பேசிக்கறேன்."

"போக்கா. ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்பிடுறோம். சம்பந்தமில்லேன்னு எப்படிப் போடுவேன்?"

தாளைத் திருப்பித் தள்ளினாள். எனக்கு அவளை ஓர் அறை விடவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

"அப்ப ஃபைனல்ல நீ இல்ல," என்று தலைவர் எழுந்துவிட்டார். நாங்கள் தொங்கிய முகத்தோடு வாசலுக்கு வந்தோம். அவர் கோபத்தோடு காரைப் பின்னால் எடுத்தார்.

பீ...ப்!

வாசலில் நின்ற தோழிதான். தலைவர் பதறிப்போய் பிரேக் போட்டு இறங்கினார். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, பாலிஷ் போட்டு வந்திருந்த வெற்றிக் கோப்பை. கொண்டுவந்த ஆள் அதைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். கோப்பையில் பொறித்திருந்தது தலைவருடைய அப்பாவின் பெயர்.

"யாரு விசில் அடிச்சது?"

தோழி பயந்துபோய் விசிலைச் சட்டைக்குள் ஒளித்தாள். வாயே திறக்காத என் தங்கை ஓரடி முன்னால் வந்தாள்.

"என் ஃப்ரெண்டு சார். அவ செஞ்சதுக்கு நான்தான் பொறுப்பு."

தலைவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு வந்து சேரு," என்றார். "அவளையும் கூட்டிட்டு வா. விசில் மட்டும் வீட்டுலயே இருக்கட்டும்."