ஒழிந்துபோன புழுவும் அவிழ்க்காத துணியும்

என் கையெழுத்து படிக்கச் சிரமமாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ‘ல’, எங்கே ‘ள’ என்று யாரிடமாவது கேட்கக் கூச்சமாக இருந்ததால் தோன்றியதைப் போட்டிருக்கிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவிக் குளோரின் போடுவது என் வேலை. பதினைந்து வருடமாகக் கான்ட்ராக்ட். தொட்டிக்குள் இறங்கிவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

1. வாட்ஸ்அப்பில் வந்த கால்

ஒரு நாள் எல்லோர் போனிலும் ஒரு படம் வந்தது. யாரோ ஒருவரின் கால், கணுக்காலிலிருந்து வெள்ளை நூல் போலத் தொங்கும் புழு. கீழே, “நெய்வேலி மக்களே உஷார்! உங்கள் குடிதண்ணீரில்!” என்று எழுதியிருந்தது.

அது நரம்புச் சிலந்தி. தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய், ஒரு வருடம் கழித்துத் தோலைப் பிளந்து வெளியே வரும் புழு.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானப்பிரகாசம் சார் உடனே சுகாதார ஆய்வாளரை வரவழைத்தார். தொட்டிச் சாவியோடு நானும் நின்றேன். படத்தைப் பார்த்ததும் ஆய்வாளர் சொன்னார்:

“சார், அந்த நோய் நம்ம நாட்டுல எப்பவோ ஒழிஞ்சிபோச்சு. இந்தக் காலு நம்ம ஊர்க் காலே இல்ல.”

“எப்படி ஒழிச்சாங்க?”

“தண்ணியைத் துணியில வடிகட்டிக் குடிக்க வெச்சாங்க. துணியை அப்பப்ப நல்லா அலசணும், அப்புறம்...”

‘துணி’ என்றதுமே செயலாளர், மீதியைக் கேட்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் புது வேட்டியைக் கிழித்து, முதல் துண்டைத் தன் வீட்டுக் குழாய் வாயில் அவரே கட்டினார். டீ, வடை, போட்டோ எல்லாம் உண்டு. பிறகு வீட்டுக்கு வீடு துணி. நோட்டீஸ் போர்டில், “ஒழிந்த நோயை மீண்டும் ஒழிப்போம்!” என்று எழுதி ஒட்டினார்.

2. நான்கு மடிப்பு

ஒரு மாதத்தில் டம்ளரில் நிஜமாகவே புழு வந்தது. சின்னதாக, நூல் துணுக்குப் போல நெளிந்தது. துணியை இரண்டு மடிப்பாகக் கட்டவும் என்று நோட்டீஸ் வந்தது. புழு அதிகமானது. நான்கு மடிப்பு என்று அடுத்த நோட்டீஸ். அதன் பிறகு தண்ணீர்தான் சொட்டுச் சொட்டாக வந்தது. புழுவுக்கு எந்தத் தடையும் இல்லை.

எங்கள் கான்ட்ராக்டர் பண்ருட்டிக்காரர். பைக்கை விட்டு இறங்காமலே கேட்டார்:

“இன்னாய்யா கலியபெருமாளு, தொட்டியில புழு வளத்துகினு இருக்கியா?”

“இல்லீங்க...”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள நிக்கணும். இல்லன்னா கேட் பாஸைக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ.”

பாஸ் போனால் அடுத்த கான்ட்ராக்டில் என் பெயர் வராது. தொட்டியை இரண்டு முறை இறைத்துத் தேய்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கீழேயிருந்து செயலாளர் கத்தினார்: “நல்லாப் பாருய்யா, மூலையில ஒளிஞ்சிருக்கும்!”

தொட்டி வட்டம். அதில் மூலையே கிடையாது. அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

3. சைக்கிள் ஸ்டாண்டு குழாய்

சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு குழாய் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாததால் அதற்கு யாரும் துணி கட்டவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதே தொட்டித் தண்ணீர்தான்.

விஷயம் புரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு நாள் செயலாளர் வீட்டு வாசல் வரை போய், காலிங் பெல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமை வேறு வழியில்லாமல் அழுத்தினேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

“சார் இருக்காருங்களா?”

“உள்ள நோட்டீஸ் எழுதிட்டிருக்கார். என்னப்பா?”

“குழாய்த் துணி... தொவைக்கிறீங்களாம்மா?”

“அதைத் தொடக்கூடாதாம்ப்பா. சங்கத்துத் துணியாம். போட்டோல வேற வந்திருக்காம்.”

அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். முடிச்சைத் தொட்டதும் குட்டி ஈக்கள் பறந்தன. துணி பாசி பிடித்து வழவழவென்று இருந்தது. தட்டில் பிழிந்தேன். தட்டு முழுக்க நெளிந்தது.

“ஏங்க! இங்க வாங்க! நீங்க ஒழிச்ச நோயை வந்து பாருங்க!”

செயலாளர் எழுதிய பேனாவோடு வந்து தட்டைக் குனிந்து பார்த்தார். நான் சொன்னேன்: “தண்ணி நல்லாத்தான் வருதுங்க சார். ஈரத்துணியில ஈ முட்டை வெக்கிது. தெனம் தொவச்சி வெயில்ல காயப்போட்டா வராதுங்க. இது காலைப் பொளக்கிற புழுவும் இல்லீங்க.” என் வாழ்நாளிலேயே நான் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான்.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லீங்க.”

“நல்லது.”

மறுநாள் துணி அவிழ்க்கும் விழா. மறுபடி டீ, வடை, போட்டோ. “சங்கத்தின் தீவிர நடவடிக்கையால் நரம்புச் சிலந்தி நமது பிளாக்கிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்டது” என்று நோட்டீஸ். சால்வை போர்த்திக்கொள்ள வந்த சுகாதார ஆய்வாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “வராத நோயை ஒழிச்சவரு நீங்கதான் சார்” என்றார். செயலாளர் நன்றி சொன்னார். கான்ட்ராக்டர் என் பாஸைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புகார் வந்தால் தொட்டியில் ஏறும் முன் அந்த வீட்டுக் குழாய் வாயைப் பாருங்கள். காரணம் தெரிந்த பிறகு வாசலில் நின்று திரும்பாதீர்கள். நான் கூச்சப்பட்டுத் திரும்பிய அந்த இரண்டு நாளும் பிளாக்கில் எல்லோரும், குழந்தைகள் உட்பட, அந்தத் துணி வழியாக வந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

10 ஜூன் 2018, ஞாயிற்றுக்கிழமை.