திரு இருதயத்தின் கீழ் ஒரு கடதாசி

அப்பாவின் இருதயத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது, அது கட்டம் போட்ட நீளக் கடதாசியில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்கு எட்டு வயதிருக்கும். வலை இழுக்கையில் தலைசுற்றி விழப்பார்த்தார் என்று சின்னப்பா வந்து சொன்னதால், அம்மா அவரைக் குருநகரிலிருந்து ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

மார்பில் குளிர்ந்த பசையும் ரப்பர்க் குமிழ்களுமாக அப்பா படுத்திருந்தார். யந்திரம் முனகியது. அதன் வாயிலிருந்து கடதாசி, கரையில் ஏறும் நுரைபோல மெல்ல மெல்ல வந்துகொண்டேயிருந்தது. எனக்குக் கண் சொருகியது. அப்பா பசையைக் கழுவக் குழாயடிக்குப் போனதும் தாதி மிஸி கடதாசியைச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்தார்.

"கவனம், உது மெழுகு பூசின கடதாசி. சூடு பட்டாக் கறுத்துப்போம். அடுத்தமுறை கொண்டுவாங்கோ, ஒப்பிட்டுப் பாக்கவேணும்."

டொக்டர் தன் கடமையைச் செய்தார். பிறசர் கனகாலமாய் இருக்கிறது, தினமும் குளிசை விழுங்கவேண்டும், உப்பு குறைக்கவேண்டும், அடுத்த கிளினிக் வரை கடலுக்குப் போகக்கூடாது. எல்லா நோயாளரையும்போல அப்பாவும் தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டார்: கோடுகள் வழமைக்கு மேல் உயரமாம்.

வீட்டில் கடதாசியைப் பாயில் விரித்து, விடியலில் கடல் பார்ப்பவர்போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சின்னப்பாவிடம் காட்டினார். "பாரடா, ஒரே சீராய் எழும்புது. ஒண்டுக்கும் பெலன் குறையேல்லை."

"உந்த எழும்பலுக்கு, அண்ணை, எஞ்சினைக் கழட்டிப்போட்டு உங்களைப் படகிலை பூட்டலாம்" என்றார் சின்னப்பா.

"கடலுக்கை நிக்கிறவனை உப்பைக் குறையெண்டிறார் டொக்டர்!"

இருவரும் சிரித்தார்கள். குளிசைப் பை தலையணைக்கடியில் போயிற்று. எங்கள் வீட்டில் பெருமைக்குரியதெல்லாம் திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழ்தான் தொங்கும். அப்பா தன் இருதயத்தையும் அங்கே குத்திவைத்தார். பள்ளிக்கூடத்தில் நான் அதைப் பற்றி அளந்தேன்.

அம்மா அழுதாள். மன்றாடினாள். திங்கட்கிழமை கடலுக்குப் போவது என்று முடிவானதும் பேச்சை நிறுத்தினாள். ஞாயிறு மாலை செபமாலைக்கு முன் மெழுகுதிரித் தண்டைச் சுவரோடு நெருக்கி, கடதாசியின் நேர் கீழே வைத்தாள். ஆண்டவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்றாக்கும் என்று நினைத்தேன்.

செபத்தின் முணுமுணுப்பில் சுடர் அசைந்தது, அலைகளும் அசைந்தன. பாதித் தூக்கத்தில் பார்த்தேன்: கடதாசியின் அடியிலிருந்து, அடிவானில் மழைமுகில் ஏறுவதுபோலக் கருமை ஏறியது. ஒவ்வொரு அலையாக அதற்குள் மூழ்கியது. அப்பாவின் குரல் நின்றது.

"நெருப்புப் படேல்லையே... என்னடி இது?"

"என்னைக் கேட்டா? மேலை இருக்கிறவரைக் கேளுங்கோ" என்றாள் அம்மா, மணியை உருட்டியபடி.

அப்பா நெடுநேரம் மேலே பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார், தலையணைக்கடியில் கையை விட்டார். விடியலில் வாசலில் வந்து நின்ற சின்னப்பாவிடம், "நான் வரேல்லை, நீ போ" என்றார்.

பின்னாளில் அப்படியொரு யந்திரத்தருகே இருந்து ஓய்வூதியம் வாங்கியவள் நான். பிறசர்காரரில் அந்த உயரம் பலமல்ல. அழுத்தத்தோடு மல்லுக்கட்டி இருதயச் சுவர் தடித்ததன் அடையாளம். டொக்டர் அதையும் சொல்லியிருப்பார், விதிமுறைப்படி.

அடுத்த கிளினிக்கில் புதிய படம் எடுத்தார்கள். அப்பா குழாயடிக்குப் போனதும் அம்மா கறுத்த கடதாசியை நீட்டினாள். மிஸிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சூட்டிலை வைக்காதையெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். இனி நான் எதை வைச்சு ஒப்பிடுறது? விளங்காத சனம்!"

அம்மா தலைகுனிந்து நின்றாள். ஆண்டவர் காட்டிய புதுமையைச் சொல்லாமல் ஏச்சு வாங்குகிறாளே என்று எனக்கு ஆத்திரமாயிருந்தது. மிஸி ஓய்ந்ததும், புதிய சுருளை வாங்கி மெதுவாகக் கேட்டாள்:

"மிஸி, இதுவும் அதே மெழுகுக் கடதாசிதானோ?"

"ஓம். இதையெண்டாலும் பத்திரமாய் வையுங்கோ."

அம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.