அக்காவின் தலையில் ஊதாக் கோடுகள்

என் அக்காவைப் போல அசையாமல் படுத்திருக்கக்கூடிய ஒருத்தியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நானெல்லாம் பள்ளிக்கூட பஸ்ஸில்கூட ஒரு நிமிடம் ஒழுங்காக உட்காராதவள். அவளோ கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில், எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திய அறையில், தலைக்கு மேல் பெரிய இயந்திரம் உறும, தன்னந்தனியாக மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு படுத்திருப்பாளாம். மயக்க மருந்து வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

மூளையில் கட்டி. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே ஒரு தடவை கதிர்வீச்சு வைத்தார்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதைக் ‘கரண்டு வைப்பது’ என்றுதான் சொல்வோம். கட்டி கரைந்துவிட்டது என்று அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். கொட்டிய முடி திரும்ப வளர்ந்தது. பிறகு கட்டியும் திரும்ப வளர்ந்தது.

ஒரு தடவை வைத்த இடத்தில் மறுபடி வைப்பது வழக்கமில்லை, மூளை தாங்காமல் போகலாம், தாங்கினாலும் கொஞ்ச காலம்தான் கிடைக்கும் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அக்காவும் அங்கேதான் இருந்தாளாம். “வைக்கச் சொல்லுங்கப்பா” என்று அவள்தான் சொன்னாளாம். இதையெல்லாம் அப்பா பல வருடங்கள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

சிகிச்சை பாதியில் இருக்கும்போது தீபாவளி வந்தது. இயந்திரத்துக்கு மூன்று நாள் விடுமுறை என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுடைய மொட்டைத் தலையில் நெற்றியோரமும் காதுக்குப் பின்னாலும் ஊதா மையில் கோடுகள் போட்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துத்தான் கரண்டைக் குறி வைப்பார்கள். எண்ணெயோ தண்ணீரோ படக்கூடாது என்று நர்ஸ் மலாயில் மூன்று தரம் சொல்லியிருந்தார். கோடு அழிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும், நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போட எங்களிடம் நாள் இல்லை.

அம்மா ஒரு முடிவெடுத்தார். அக்கா எண்ணெய் வைத்துக் குளிக்க முடியாதபோது வீட்டில் யாருமே குளிக்க வேண்டாம். நான் உருண்டு புரண்டு அழுதேன். அக்காவை நினைத்து அழுதேன் என்று சொல்லத்தான் ஆசை. எண்ணெய்க் குளியல் இல்லையென்றால் புதுக் கவுனும் இல்லை, அதற்காகத்தான் அழுதேன்.

தீபாவளிக்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அத்தை முறுக்குத் தட்டோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்னா லா இது? எண்ண வைக்காம இருக்கறது எழவு வீட்டுலதான். புள்ள கண்ணு முன்னால நடமாடிக்கிட்டு இருக்கு!”

நல்ல மனசுக்காரர்தான். ஆனால் அவர் குரல், வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தின் கடைசி வீடுவரை கேட்கும். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருந்ததோ ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அக்கா படுத்திருந்தாள்.

மறுநாள் விடியும்போது அக்கா எங்களுக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தாள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நடு வீட்டில் மணை போட்டு வைத்திருந்தாள். அம்மா மாட்டேன் என்றார்.

“உக்காரும்மா. கோடு எனக்குத்தான போட்டாங்க, ஒனக்கா போட்டாங்க?”

பெரியவர்கள்தான் சின்னவர்களுக்கு எண்ணெய் வைப்பது வழக்கம். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். அம்மா உட்கார்ந்தார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம்கூடத் தலை குனியாத அப்பா, அவளுக்கு எட்டட்டும் என்று குனிந்து உட்கார்ந்தார். கட்டி வந்ததிலிருந்து அவளுடைய வலது கைக்குப் பலமில்லை, அதனால் இடது கையால் வைத்தாள். கடைசியாக நான். என் உச்சியில் தேய்த்து முடித்ததும் விரலைக் கிண்ணத்தில் தொட்டுத் தன் கால் கட்டைவிரலில் தடவிக்கொண்டாள்.

“கால்ல கோடு இல்ல லா. எனக்கும் ஆச்சு.”

அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். அக்கா என் காதைப் பிடித்து, “அடுத்த வருசம் என் தலைக்கு நீதான் வைக்கணும்” என்றாள். நான் விடுவேனா? “அப்பன்னா ஒன் மத்தாப்பெல்லாம் எனக்கு” என்று பேரம் பேசினேன். பெட்டியோடு கொடுத்துவிட்டாள்.

விடுமுறை முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஒரு கோடுகூட மங்கியிருக்கவில்லை. மீதி நாட்களையும் அவள் அசையாமல் படுத்தே முடித்தாள். அந்தக் கரண்டு எங்களுக்கு ஏழு மாதம் கொடுத்தது. அதில் பெரும்பகுதி அவள் நடந்தாள், சிரித்தாள், என்னோடு சண்டை போட்டாள்.

அடுத்த தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாரும் எண்ணெய் வைக்கவில்லை. அத்தை முறுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

அன்று விடியலில் அக்கா ஏன் அப்படி அவசரப்பட்டு எண்ணெய் காய்ச்சினாள் என்பது எனக்கு அப்போதும் புரியவில்லை. பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது: தான் இருக்கும்வரை அந்த வீடு எழவு வீடாக இருக்கக்கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். நானோ அன்று, ஒரு பெட்டி மத்தாப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்று வாசலில் குதித்துக்கொண்டிருந்தேன்.