பொட்டு வைத்த கக்கூஸ்

கப்பலூர் ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்த ஒச்சாயிக்கு ஒரே மகள் மீனா, எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒதுங்க வேண்டுமென்றால் கம்மாய்க் கருவேலங்காடுதான். கரைமேல் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சமைந்த பிறகு மீனா பள்ளிக்கூடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அடிவயிறு சுருக்கென்று வலிக்கும். “இனிமே போகலம்மா” என்று அழுதாள்.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் பணத்தில் பொம்பளப் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்ட ஆரம்பித்தார்கள். “அது முடியுற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போத்தா” என்று ஒச்சாயி மகளைக் கெஞ்சி அனுப்பினாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு எதைத் திறந்தாலும் பூசை போட்டாக வேண்டும். வாசலில் வாழைமரம், டைல்ஸ் சுவரெல்லாம் சந்தனம், பீங்கான் கோப்பைக்கும் குங்குமப் பொட்டு, மாலை. வந்திருந்த வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துத் தானும் கோப்பையைக் கும்பிட்டாள். கல்வெட்டில் பணம் கொடுத்த நாட்டின் பெயரைவிடப் பிரசிடென்ட் விருமாண்டியின் பெயர் பெரிதாக இருந்தது.

கார் கிளம்பியது. கதவுக்குப் பூட்டு விழுந்தது. அரைப் பரீட்சை முடிந்தும் திறக்கவில்லை.

ஒச்சாயி மகளையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனாள். அங்கேதான் விருமாண்டி இருந்தார்.

“அண்ணே, சாவியக் குடுங்க. புள்ளைக இன்னும் காட்டுக்குத்தான் போகுதுக.”

“சாமி கும்புட்ட எடந்தா அது. இதுக போயி நாறடிச்சா, திரும்ப வர்ற வெள்ளக்காரவுக என்ன நெனப்பாக?”

கூட இருந்த அழகுமலை இளித்தான். “டைல்ஸ் போட்டாத்தான் ஒம் மகளுக்கு வருதாக்கும்?”

“ஓம் பொண்டாட்டிய அந்தக் காட்டுல ஒருநா ஒக்கார வச்சுட்டு வந்து சிரிடா.”

நேரே போய்க் கல்லெடுத்துப் பூட்டை உடைத்தாள். உள்ளே மாலை அழுகிப் புழு நெளிந்தது. மீனா கொண்டுவந்த ஒரு குடம் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றினாள்.

பின்பக்கமிருந்து மீனா கத்தினாள்: “அம்மா, தண்ணி இங்கன ஓடுது!”

குழாய் சுவரைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. குழியே தோண்டவில்லை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மூச்சிரைக்க வந்த விருமாண்டி குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒச்சாயியின் காலைத்தான் பார்த்தார்.

“செருப்போடயா உள்ள போன?”

ஒச்சாயி கல்வெட்டின் மேல் காறித் துப்பினாள்.

மறுநாள் கப்பலூர் பஸ்ஸில் தாயும் மகளும் ஏறினார்கள். வயதைக் கூட்டிச் சொல்லி மீனாவை வேலைக்குச் சேர்த்துவிட்டாள். கம்பெனியில் பொம்பளைகளுக்குத் தனிக் கக்கூஸ் இருந்தது. தண்ணீரும் வந்தது.