வெள்ளைக் குச்சி வரிசைகள்

தம்போயில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு சின்ன மீன் தொட்டி உண்டு. மீன்கள் எப்போதோ போய்விட்டன, பாசி மட்டும் குறையில்லாமல் இருக்கிறது. போன வாரம் ஹார்ட்வேர் கடையில் பாசிக்கு மருந்து கேட்டேன். கடைக்காரம்மா ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் பளீரென்ற நீலக் கற்கள். மயில்துத்தம்! கையெல்லாம் நீலம் ஒட்டிக்கொண்டது. மனைவி இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பாள். சத்தம் போட ஆளில்லாததால் கையைக் கழுவாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நீலத்தோடு நான் சில வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பெக்கான் நானாஸ் பக்கம் ஓர் அன்னாசி ஆராய்ச்சி நிலையம். அங்கே எனக்கு உதவியாளர் வேலை. பேர்தான் ஆராய்ச்சி. நான் செய்ததெல்லாம் இலைகளை எண்ணி நோட்டில் எழுதியதுதான். கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும், செம்புச் சத்தே இல்லாத சதுப்புக் கரிமண் அது. வாய்க்காலில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடும். சனிக்கிழமையானால் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கு அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய வீடு எதுவும் இல்லை. நான்கு அறைக் குவார்ட்டர்ஸில் ஒரு கெட்டில், ஒரு ரேடியோ, நான்.

பக்கத்து அறைக்கு ஒகெல்லோ வந்தது அப்போதுதான். உகாண்டாக்காரன். அவன் ஊர்ச் சதுப்பிலும் இதே மாதிரி மண்ணாம். படித்துவிட்டு வா என்று அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு அனுப்பியிருந்தது. ஒரே மாதத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி 'லா' போட்டுப் பேசக் கற்றுக்கொண்டான்.

"எங்க நாட்டுல அன்னாசி ஆராய்ச்சின்னா இப்போதைக்கு நான் ஒருத்தன்தான்லா. நான் தப்பா சொன்னா, தப்புன்னு சொல்லக்கூட அங்க ஆள் இல்ல" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். சாயந்திரம் என் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிடுவோம். என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பேசியது அந்த இரண்டு வருஷத்தில்தான்.

அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. செம்புச் சத்துக்காகத் தெளிக்கும் மயில்துத்தம் அவன் ஊர் விவசாயிக்கு எட்டாத விலை. அது இல்லாமல் இந்த மண்ணில் அன்னாசி வருமா, வராதா? பாதி வரிசைகளுக்கு மயில்துத்தக் கரைசல் தெளிப்பது. வெள்ளைக் குச்சி நட்ட மீதி வரிசைகளை அப்படியே விடுவது. அவ்வளவுதான் சோதனை. தெளிப்பது அன்னம்மா அக்கா. சின்ன வயதிலிருந்து எஸ்டேட்டில் உழைத்து, இங்கே தினக்கூலிக்கு வந்தவர். கூடவே நின்று பார்ப்பது என் வேலை. நான் ஸ்டோரில் உட்கார்ந்து பேப்பரில் சினிமாப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காய் முற்றும் சமயத்தில் வெள்ளைக் குச்சிச் செடிகளும் மற்றவை போலவே பச்சையாக நின்றன. ஒகெல்லோ வரப்பில் குதித்தே விட்டான். நான் மட்டும் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மயில்துத்தம் இல்லாமல் அந்த மண்ணில் அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை. அக்காவைத் தனியாகக் கேட்டேன்.

"தெளிச்சது போக பம்புல மிஞ்சுறத அதுங்களுக்கும் ஊத்துனேன் தம்பி. அதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? பந்தி வஞ்சனை பண்ணலாமா?"

"எத்தன நாளாக்கா?"

"மொதல்லேருந்தேதான். ஏன், நல்லாத்தானே வந்திருக்கு?"

அலமாக் என்று தலையில் கை வைத்தேன். சொன்னால் அக்காவின் வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் எனக்குப் பயம். ஸ்டோரில் உட்கார்ந்திருந்தவன் நான்தானே. தவிர, அவ்வளவு சந்தோஷமாக இருந்தவனிடம் எந்த வாயால் சொல்வது?

புறப்படும் நாளில் வேனில் ஏறும்முன் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மயில்துத்தம் வேணாம்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லப்போறேன். நீதான் சாட்சி."

"பத்திரமா போய்ட்டு வா" என்றேன்.

சில மாதம் கழித்து அவன் கடிதம் வந்தது. அவனுக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள், கீழே இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்கு விவசாயிகள் நடப்போகிறார்கள், அவன் சொன்னபடியே, மயில்துத்தம் இல்லாமல். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அக்கா பெயரை விட்டுவிட்டு, வெள்ளைக் குச்சி வரிசைகளுக்கும் மயில்துத்தம் விழுந்ததை, நான் பார்க்காமல் விட்டதை எல்லாம் எழுதி, அன்றே தபாலில் சேர்த்தேன்.

பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேரவில்லையா, நட்ட பிறகு போய்ச் சேர்ந்ததா, படித்துவிட்டு என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டானா, இன்றுவரை தெரியாது. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். பிறகு வேறு வேலை கிடைத்து நானும் போய்விட்டேன்.

அன்னம்மா அக்கா இப்போது இல்லை. பொட்டலத்தைத் தொட்ட மறுநாளே அந்தப் பக்கம் காரில் போய்ப் பார்த்தேன். நிலையத்தை எப்போதோ மூடிவிட்டார்களாம். குவார்ட்டர்ஸ் இருந்த இடம் முழுக்க எண்ணெய்க்கு நட்ட செம்பனைத் தோட்டம். நான் அவனுக்குக் கொடுத்திருந்த ஒரே முகவரி அதுதான். வேறு வேலைக்குப் போனபோது புது முகவரியை அவனுக்கு எழுதவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயந்துதான் எழுதவில்லை.