உங்க வண்டியில பெட்ரோல் வாடையா?

மற்ற ரிப்பேருக்கெல்லாம் கண்ணும் காதும் போதும். பெட்ரோல் வாடைக்கு மட்டும் மூக்கை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே கராஜ் வைத்திருக்கும் எனக்கு அந்த வாடை சட்டையில், சாப்பாட்டில், தலையணையில் எல்லாம் உண்டு. கார் வைத்திருக்கிறவர்களும், கார் வைத்திருக்கிறவரைக் கட்டிக்கொண்டவர்களும் நான் படும் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பின்சீட்டுத் தலைவலி

மாட்டுங்காவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பெரிய ஆபீஸில் கணக்கு பார்ப்பவர். பின்சீட்டில் உட்கார்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது, தலைவலி வருகிறது என்று அந்த அம்மா ரொம்ப நாளாகச் சொல்லியிருக்கிறார். முன்னால் ஜன்னலைத் திறந்துகொண்டு ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வயசுக் கோளாறு என்று முடிவு கட்டி டாக்டரிடம் கூட்டிப் போய், தலைக்கு ஸ்கேன் வரைக்கும் எடுத்தாகிவிட்டது. கடைசியில் அந்த அம்மா பிடிவாதம் பிடித்துத்தான் வண்டி என்னிடம் வந்தது.

டேங்கை நிரப்பின அன்றைக்கு வாடை அதிகமா என்று கேட்டேன். அந்த அம்மா ஆமாம் என்றார். பின்சீட்டைக் கழற்றினேன். அதற்கு அடியில்தான் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. அதன் மூடிக்குக் கீழே ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துக் கிடந்தது, சுற்றியிருந்த தூசியெல்லாம் ஈரம். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், பழைய கார்ப்பெட்டின் வாடை என்று மனைவியிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

வண்டியை எடுக்க அந்த அம்மா தனியாக வந்தார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, வளையத்தையே கையில் கொடுத்துவிட்டேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவர் என்ன சொல்லச் சொன்னார்? அதையும் சொல்லிடுங்கோ. ஆத்துல நான் அதையே நம்பின மாதிரி இருக்கணுமோல்லியோ?"

எலி

சுனாபட்டியில் ஒரு பெரியவர். அவருடைய வண்டியில் பெட்ரோல் ஓடும் ரப்பர் ஹோஸை எலி கடித்துவிட்டது, பானெட்டைத் திறந்ததுமே பல் தடம் தெரிந்தது. புது ஹோஸ் போட்டேன். கொஞ்ச நாளில் அதையும் கடித்தது, மறுபடியும் மாற்றினேன். அதற்கும் அதே கதி. வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் குப்பை இருக்கிறதா, அதை அப்புறப்படுத்த முடியுமா என்று கேட்டேன். அவர்தான் அந்தக் குடியிருப்புச் சொசைட்டியின் செகரட்டரி என்பது எனக்குத் தெரியாது. அவர் முகம் சிவந்துவிட்டது. "எலி உங்க கராஜ்லேருந்துதான் ஏறி வந்திருக்கணும். எங்க சொசைட்டியில அதெல்லாம் அலவுட் இல்லை."

வாசனைப் புட்டி

முருகேசன் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஆப்பில் டாக்ஸி ஓட்டுகிறான், கேஸில் ஓடும் வண்டி. உள்ளே வாடை என்று பயணிகள் புகார் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு வாசனைப் புட்டி, ஏசி துவாரத்தில் இன்னொன்று. மல்லிகையும் கேஸும் சேர்ந்து குமட்டியது.

டிக்கியைத் திறந்து, சிலிண்டர் பக்கத்து ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் விட்டேன். குபுகுபுவென்று நுரை கிளம்பியது. சிலிண்டர் வால்வை மூடினேன். கேஸ் வேலை பார்க்க லைசென்ஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோ, அதுவரை பெட்ரோலில் மட்டும் ஓட்டு, வால்வைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். பெட்ரோலில் ஓட்டினால் கட்டுப்படியாகாது, ஒருநாள் வண்டியை நிறுத்தினாலும் தவணைக்காரன் வாசலில் நிற்பான் என்றான். நான் கையைக் கழுவப் போன நேரத்தில் வால்வைத் திறந்துகொண்டிருந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவன் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, லீக்குல போனா உசுரு ஒருவாட்டிதான் போவும். வாடையில ரேட்டிங்கு தெனமும் போவுது. மொதல்ல வாடைக்கு ஒரு வழி சொல்லுங்க."

அப்பாஸ்

என்னோடு வேலை பார்க்கும் அப்பாஸுக்கு இரண்டு குழந்தைகள், இளையது கைக்குழந்தை. கை சுத்தமான மெக்கானிக். நான் தாதருக்கு ஸ்பேர் வாங்கப் போயிருந்த ஒருநாள், செம்பூர் டீச்சர் ஒருவரின் வண்டியில் இவன்தான் ஹோஸ் மாற்றினான். ஓட்டிப் பார்த்து, வாடை சுத்தமாக இல்லை என்று சொல்லிக் கொடுத்தனுப்பினான்.

டீச்சர் வீடு போய்ச் சேரவில்லை. வழியிலேயே வாடை தாங்காமல் வண்டியை ஓரம் கட்டி, மகளை இறக்கித் தூரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். ஹோஸின் க்ளிப் சரியாக உட்காரவில்லை. சூடான எஞ்சின்மேல் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். டீச்சர் மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அதுதான் என்னை என்னவோ செய்தது.

கராஜுக்குத் திரும்பி வந்து, மூக்கை அடகு வைத்துவிட்டாயா என்று அப்பாஸைத் திட்டினேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். போன வருஷம் வந்த காய்ச்சலோடு மூக்குக்கு வாடை தெரிவதே நின்றுவிட்டதாம். திரும்பி வரும் வரும் என்று பார்த்தானாம், வரவில்லை. தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று சொல்லாமலே இருந்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே அனுப்பியிருப்பேன். டீச்சர் மகளின் முகம் வேறு கண்முன் நின்றது. அவன் கைக்குழந்தையை நினைத்துத்தான் அடக்கிக்கொண்டேன். இனிமேல் பிரேக்கும் கிளட்சும் மட்டும் பார், பெட்ரோல் பக்கம் போகாதே என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டே சொன்னான்: "பெட்ரோல விடுங்க அண்ணாச்சி. சின்னவ பொறந்ததுலேருந்து தெனமும் அவ தலைய மோந்து பாக்கேன். ஒண்ணுமே தெரியல."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது என்னவென்றால், வாடை வருகிறது என்று சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது, வரவில்லை என்று சொல்ல ஒரு ஆள்தான்.