அறுநூறு கிராம்

காலை ஆறே முக்காலுக்கே வந்து ரிமோட்டைக் கைப்பற்றிவிடுவார் பூட்டுக்காரர். டயாலிசிஸ் அறையில் நாலு சாய்வு நாற்காலிகள், நாலு இயந்திரங்கள், சுவரில் ஒரே ஒரு டிவி. ரிமோட்டைப் போர்வைக்குள் செருகிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் போலக் கண்ணை மூடிக்கொள்வார். "ரிமோட் எங்கேங்க?" என்று பக்கத்து நாற்காலி டீச்சரம்மா கேட்டால், "அதுக்கும் கிட்னி போயிடுச்சாம். உள்ளே படுக்க வெச்சிருக்காங்க" என்பார்.

வயது ஐம்பத்தாறு. ஒல்லி உடம்பு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. சாவி அராவுவது, பூட்டு பழுது பார்ப்பது, சாவியை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்குத் திறந்து கொடுப்பது, இவைதான் தொழில். யாராவது பேச வந்தால் அவர் கண் முதலில் சாவிக்கொத்துக்குத்தான் போகும். முகத்துக்கு அப்புறம்தான் வரும். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு இரண்டரை வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி இங்கே. மற்ற நாள் கடையில்.

அவருடையது விளையாட்டுக் குடும்பம். கல்யாணமான மூன்றாம் நாள் மனைவி அவர் சட்டைக் கைகளின் முனையைத் தைத்து மூடிவிட்டார். வேலைக்குப் போகும் அவசரத்தில், கை வெளியே வராமல் அவர் கூடத்தில் சிறகடித்ததைப் பார்த்துத்தான் இந்த ஆளோடு காலம் தள்ளிவிடலாம் என்று அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வந்ததாம். இவர் பதிலுக்குச் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டார். சாவியை டப்பாவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினார். மகள் தலையெடுத்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். அப்பாவின் போன் மணியை எடுத்துவிட்டுக் கைக்குழந்தை அழுகிற சத்தத்தை வைத்தாள். கடைக்கு வந்தவர்கள் மேசைக்கடியில் குனிந்து குழந்தையைத் தேடினார்கள். மச்சான் குரலை மாற்றிப் பேசி, "கதவு திறக்க மாட்டேங்குது, சீக்கிரம் வாங்க" என்று அவரை நாலு மாடி ஏறவைத்து, மேலே காபியோடு நின்றார்.

நோய் என்று தெரிந்த வாரத்தோடு எல்லாம் நின்றுபோயிற்று. மனைவி தண்ணீரை அளந்து கொடுத்தார். மகள் மாத்திரைப் பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் இவர் வேண்டுமென்றே மனைவியின் ஒற்றைச் செருப்பை ஒளித்துவைத்தார். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஜோடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எங்க வீட்டுல எல்லாரும் ரொம்ப நல்லவங்களா ஆயிட்டாங்க டீச்சரம்மா. எனக்குப் பயமா இருக்கு."

வீட்டில் விலை போகாத சரக்கை இங்கே கொண்டுவந்து இறக்கினார். அதற்கு வாய்த்த ஆள் டிரைவர். முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர்; குட்டையான மனிதர்; இதயமும் பலவீனம். எப்போதும் குளிருகிறது என்று தடித்த ஜாக்கெட்டைக் கழற்றவே மாட்டார். ஏமாந்துவிட்டு, ஏமாந்ததற்குத் தானே முதலில் சிரிக்கிற குணம். டீச்சரம்மா கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாலாவது நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். இவர்கள் மூவரும்தான் நிலையம்.

அப்போதுதான் அந்தப் புதிய சீரீஸ் வந்தது. பத்துப் பகுதிகள். பாலம் கட்டிய பொறியாளர் ஒருவர் திறப்பு விழா அன்று காலையில் காணாமல் போகிறார். சிஸ்டர் தன் போனிலிருந்து டிவிக்கு மாற்றிவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு பகுதி. யாரும் வீட்டில் முந்திப் பார்க்கக் கூடாது என்று டீச்சரம்மா சட்டம் போட்டார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் டிரைவர், "பொண்டாட்டிதான் தள்ளி விட்டிருக்கா. எழுதி வெச்சுக்கோங்க" என்பார். "ஆதாரம்?" என்பார் டீச்சரம்மா. "மூஞ்சியே ஆதாரம்." செவ்வாயும் வியாழனும் எப்போது கழியும் என்று மூவருக்கும் இருந்தது. டயாலிசிஸுக்காக ஒருவர் ஆவலோடு காத்திருப்பதை அந்த அறை அதற்கு முன் கண்டதில்லை.

ஐந்தாம் பகுதி ஒரு புதன்கிழமை. உள்ளே வந்ததும் எல்லாரும் எடை பார்க்க வேண்டும். போன தடவை முடிந்து கிளம்பியபோது இருந்ததைவிட எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தேங்கிய தண்ணீர். அதைத்தான் இயந்திரம் உறிஞ்சி எடுக்கும். டிரைவருக்குப் பின்னால் நின்ற பூட்டுக்காரர், கடையிலிருந்து கொண்டுவந்த ஷட்டர் பூட்டு ஒன்றை அந்த ஜாக்கெட்டின் தொங்கும் பக்கப்பைக்குள் மெதுவாக இறக்கினார். அறுநூறு கிராம்.

"ரெண்டே நாள்ல மூணு கிலோவா! என்ன குடிச்சீங்க?" என்று சிஸ்டர் சீறினார்.

"சத்தியமா இல்லைம்மா. நாக்கை நனைச்சதோட சரி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

பூட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊசி குத்துவதற்குள் சொல்லிவிடலாம் என்றிருந்தார். அதற்குள் ஊசி குத்தி, பூட்டின் கனத்தையும் தண்ணீராகவே சேர்த்து இயந்திரத்தை ஓடவிட்டாயிற்று. பகுதி பாதி ஓடட்டும், அப்போது சொன்னால் இன்னும் ருசி என்று தோன்றியது. அதற்குள் பொறியாளரின் காரை ஆற்றிலிருந்து தூக்கினார்கள். மூவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சொல்ல மறந்துபோயிற்று.

மூன்றாம் மணி நேரத்தில் டிரைவர் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டார். "கெண்டைக்கால் இழுக்குது" என்றார். நெற்றி வியர்த்து முகம் வெள்ளைத்துணி ஆயிற்று. தலை பக்கவாட்டில் சாய்ந்தது. இயந்திரம் அலறத் தொடங்க, சிஸ்டர் ஓடிவந்து நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்தார்.

"பூட்டு! அவர் பையில பூட்டு இருக்கு!" என்று கத்தினார் பூட்டுக்காரர். ஊசி குத்திய கையோடு எழப் பார்த்தார். குழாய் அவரைப் பிடித்து இழுத்தது.

சிஸ்டர் பூட்டை எடுத்துப் பார்த்தார், பிறகு பூட்டுக்காரரைப் பார்த்தார். திட்டவில்லை. சலைன் ஏற்றி, அரை மணி நேரத்தில் டிரைவரைக் கண் திறக்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை டிரைவர் வழக்கம்போல வந்து ஜாக்கெட்டோடு உட்கார்ந்தார். பூட்டுக்காரர் தலை நிமிரவில்லை. "என்ன, ஊமையாயிட்டீங்க? அடுத்த தடவை இரும்பு வேணாம்யா. தங்கத்துல வைங்க, திருப்பித் தர மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார் டிரைவர். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று பகுதிகள் ஓடின. கடைசிப் பகுதிதான் பாக்கி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி. ஞாயிறு காலை, முகம் கழுவப் போன டிரைவர் குழாயடியில் விழுந்தவர் எழவேயில்லை. இதயம்.

திங்கட்கிழமை டிவியைப் போட சிஸ்டர் வந்தபோது, "வேண்டாம்மா" என்றார் டீச்சரம்மா. பூட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து நீட்டினார். அந்தப் பொறியாளர் என்ன ஆனார் என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

அன்றே பூட்டுக்காரர் டாக்டரிடம் போய் நின்றார். "அது நடந்து பதினொரு நாள் கழிச்சுத்தான் இது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவர் இதயம் ஏற்கெனவே அப்படித்தான்" என்றார் டாக்டர். பூட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, அங்கிருந்து நேராக டிரைவரின் வீட்டுக்குப் போனார். டிரைவரின் மனைவி நாற்காலி போட்டார். இவர் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பூட்டு எவ்வளவு கனம் என்பதையும் சொன்னார்.

அந்த அம்மாளுக்கு அது புதுச் செய்தி. "லேசா மயக்கம், காலையில சரியா சாப்பிடலைன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. நான்கூட சாப்பிடாம போனதுக்கு அவரைத்தான் திட்டினேன்" என்றார். போட்ட நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். பிறகு, "நீங்க கெளம்புங்க" என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி சமாதானம் சொல்லவில்லை. "தப்புதாங்க. இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார். ஆனால் அன்று முழுக்க அவரை விட்டு நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் சட்டையை மாட்டினால் கை வெளியே வரவில்லை. இரண்டு முனையும் தைத்திருந்தது. இரண்டரை வருடமாக அவர் ஏங்கிய விளையாட்டு. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அம்மாவும் மகளும் மூச்சடக்கி நின்றார்கள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தபோது, அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்து, நூல் துணுக்குகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் அழுதாள்.

இப்போதும் ஆறே முக்காலுக்கு வந்துவிடுகிறார். டிவியில் எது ஓடினாலும் கேட்பதில்லை. பேச்சு குறைவு. டீச்சரம்மா குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு வார்த்தை கேட்டால் யோசித்துச் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

போன புதன்கிழமை டிரைவரின் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். துணிக்கடையில் வேலை பார்ப்பவர், நாற்பது இருக்கும். ஊசியின் தடிமனைப் பார்த்ததும் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். "என்னால முடியாது சிஸ்டர், நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்துவிட்டார். சிஸ்டர் கெஞ்சினார், அதட்டினார். பலிக்கவில்லை.

பூட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சிஸ்டர், எனக்கு முதல்ல குத்துங்க. அந்தம்மா பாக்கட்டும்" என்றார்.

பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, ஊசி குத்திக் குத்தி முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த கையை அந்தப் பெண்ணுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பி நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். ஊசி இறங்கி முடியும் வரை முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் பார்த்துக்கொண்டார்.